கண்ணெதிரே ஒரு கடல்கோள்

(கிளை மன்றத்தின் திங்கட்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'கடல்கோளும் தமிழும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. செயலாளர் அதனைத் தந்தபோது, இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள் செய்தியையும், குமரியாற்றையும், மறைந்துபோன பழந்தமிழ் நூல்களையும் பற்றி ஒரு மணிநேரம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதனை நான் பலமுறை பேசியிருக்கிறேன். நீங்களும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அந்த இடம் வந்ததும் அவையில் ஒரு பெருமூச்சு எழும். பேசுகிற எனக்கும் தொண்டை கம்மும். பின்னர்த் தேநீர் அருந்திக் கலைந்து செல்வோம். இன்று அதனைப் பேசப் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத காலத்தில் கடல் கொண்ட நிலத்திற்காக இவ்வளவு வருந்துகிற நாம், நம் கண்ணெதிரே கடல் கொள்ளுமாறு விடப்படும் கரைக்காக ஒரு நாளேனும் வெயிலில் நின்றிருக்கிறோமா என்று கேட்கப் போகிறேன். தலைப்பு மாறவில்லை, காலம் மட்டுந்தான் மாறியிருக்கிறது.

நான் கூறும் கரை தொலைவில் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் தொடங்கிக் காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு வரை செல்லும் மணற்கரை அது. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும், நடுவில் ஒரு மணல்வரப்பு. அவ்வளவுதான். தெற்கே கொற்றலையாறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. வடக்கே ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் விழுகிறது. உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவில் பெரியது இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் போய்விட்டது. தென்கோடியும் கழிமுகமும் நம்மிடம் உள்ளன. 'பழவேற்காடு' என்னும் அழகிய பெயர் அயலார் நாவில் 'புலிக்காட்டு' ஆனதையும், கொற்றலையாறு 'கொசத்தலை' ஆனதையும் இவ்விடத்தில் குறித்து வைக்கிறேன். இத்தகைய பெயர்ச்சிதைவுகளுக்கு நம் இதழ்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்துள்ளன. பெயரை மீட்டுவிட்டோம் என்றே கொள்வோம். பெயருக்குரிய ஆறும் ஏரியும் இல்லாமற்போனால் மீட்ட பெயரை எங்கே எழுதி வைப்பது?

இக்கரையில் என்ன நடந்தது என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். 2001-இல் எண்ணூரில் பெரிய துறைமுகம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே அனல்மின் நிலையங்கள் வந்திருந்தன. அவற்றின் சாம்பல் குழாய்வழிக் கசிந்து எண்ணூர்க் கழியில் படிந்தது. அதன்பின் எண்ணூருக்கு அடுத்த வடபுறத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம் கட்டப்பட்டது. 2018-இல் அது அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. ஏறத்தாழ 330 ஏக்கரில் அமைந்த அத்துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. ('ஏக்கர்' என்றதும் முன்வரிசையில் ஐயா முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். 'குறுக்கம்' என்பது எனக்கும் தெரியும் ஐயா. கணக்கேட்டில் உள்ளவாறு சொன்னால்தான் நாளை ஆட்சியர் முன்னிலையில் எவரும் மறுக்க முடியாது.) அந்த 6,110-இல் ஏறத்தாழ 2,000 ஏக்கர், கடலுக்குள் மணலைக் கொட்டி உண்டாக்கப்பட வேண்டிய நிலம். ஆண்டுக்கு 24.6 பேராயிரம்... இல்லை, இதனையும் வழக்கில் உள்ளவாறே சொல்கிறேன்: ஆண்டுக்கு 2 கோடியே 46 இலட்சம் டன் சரக்கைக் கையாளும் துறைமுகம் 32 கோடி டன்னைக் கையாளுமாறு பெருக வேண்டும் என்பது திட்டம். செலவு 53,000 கோடி உருபா அளவில்.

2021 சனவரி 22-இல் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்பு ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-இல் நடக்கும் என்று மீண்டும் அறிவித்தனர், அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு முறையும் மீனவரும் உழவரும் இளைஞரும் எழுப்பிய எதிர்ப்புக்குரல் ஒலித்துக்கொண்டே இருந்தது. இவ்விரண்டு ஒத்திவைப்புகளிலும் நம் மன்றத்தின் பங்கு என்ன? குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. 2021 சனவரியில் நாம் பொங்கல் விழா நடத்தியிருக்கிறோம். 2023 செப்டம்பரில் சொல்லாக்கப் பயிலரங்கு.

துறைமுகத்திற்குத் தமிழன் பகைவனா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். கொற்கையும் புகாரும் முசிறியும் நம் பெருமைகள். கலம் செலுத்தி உலகு சுற்றிய இனம் நாம். ஆயினும் அந்தத் துறைகள் எவ்வாறு அமைந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஆறு கடலைச் சேரும் வாயிலே, ஆறு வழங்கிய இடத்திலே அமைந்தன. கடலுக்குள் நெடுஞ்சுவர் எழுப்பி மணலின் வழியை மறித்து அவற்றை அமைக்கவில்லை. இன்று சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என ஏறத்தாழ இருபது கல் தொலைவுக்குள் மூன்று துறைமுகங்கள் உள்ளன. துறைமுகமே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. மூன்றாவதை இவ்வளவு பெரிதாக்க, இந்தக் கரைதான் கிடைத்ததா என்பதே கேள்வி.

மணலின் வழி என்றேனே, அதனைச் சிறிது விளக்க வேண்டும். நம்மிற் பலர்க்கு இது தெரியாது. எனக்கும் அண்மைக்காலம் வரை தெரியாது.

நம் கீழைக்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், அலைகள் கரையைச் சாய்வாக மோதி மோதி மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வாடைக்காலத்தில் அது தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆனால் வடக்கு நோக்கிய காலம் ஏறத்தாழ எட்டுத் திங்கள். தெற்கு நோக்கிய காலம் நான்கு திங்களே. ஆகவே கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போகிறது. இந்த ஓட்டத்தின் குறுக்கே கடலுக்குள் ஒரு சுவரைக் கட்டினால் என்ன ஆகும்? சுவரின் தென்புறத்தில் மணல் தேங்கும். வடபுறத்திற்குப் போக வேண்டிய மணல் போகாது. ஆனால் வடபுறத்துக் கரையிலிருந்து அலை எடுத்துச் செல்வது மட்டும் நிற்காது. வரவு நின்று செலவு நடந்தால் எந்த வீடு தாங்கும்?

இது கற்பனையன்று. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. அதன் தென்புறத்தில் மணல் குவிந்து குவிந்து உருவானதே, நாம் மாலையில் காற்று வாங்கும் அகன்ற மெரினாக் கடற்கரை. வடபுறத்தில் என்ன ஆயிற்று? இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை தேய்ந்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின, கோயில்கள் போயின. இன்று அங்கே கருங்கற் குவியல்களும் தூண்டில் வளைவுகளும்தாம் கரையாக நிற்கின்றன. தென்சென்னையார் பெற்ற மணல் வடசென்னையார் இழந்த மணல். மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு தமிழ் வளர்ச்சி பற்றிப் பேசிய மாலைகளில் இது எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்பொழுது காட்டுப்பள்ளிக்கு வாருங்கள். அதன் வடபுறத்தில் இருப்பது இராயபுரம் போன்ற திண்ணிய நிலம் அன்று. கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்வரப்பு. அதன்மேல் மீனவச் சிற்றூர்கள். அந்த வரப்பு அறுந்தால் கடலும் ஏரியும் ஒன்றாகும். இறாலும் நண்டும் மீனும் குஞ்சாக இருந்து வளரும் தொட்டில் அந்த ஏரி. அது கடலாகிவிட்டால், ஏரியை நம்பியவர்க்கும் பிழைப்பில்லை. கடலை நம்பியவர்க்கும் பிழைப்பில்லை. வெள்ளத்தின் கணக்கும் இதில் உண்டு. 2015-இல் சென்னை பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. வடக்கே கொற்றலையாறும் ஆரணியாறும் கொணரும் பெருவெள்ளம் விரிந்து தங்கி மெல்ல வடியும் இடம் இந்தக் கழிகளே. அவற்றை மேடாக்கிவிட்டு மழையைக் குறை கூறுவது எவ்வகை அறிவு?

இக்கரையின் மக்களைப் பற்றி ஒரு சொல். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், எவர் வலைகட்டுவது என்பதனை ஊர் கூடிக் குலுக்கல்வழி முடிவு செய்வர். நல்ல இடம் ஒருவர்க்கே என்றும் கிடைத்துவிடாதபடி முறை சுழன்று வரும். நீரை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது, முறைதான் உண்டு. 'பொதுவுடைமை' என்னும் சொல்லை நாம் ஆக்கிக்கொள்வதற்கு முன்பே அதன் பொருளை நடத்தியவர்கள் இவர்கள். குறையே இல்லாத முறை என்று நான் சொல்லமாட்டேன். எல்லாக் குடியினர்க்கும் அதில் இடமில்லை. கழிச்சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்க்குப் பாடு இல்லை. நம் மக்களின் நன்மையைப் போற்றும்போது இதனையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஆயினும் கழி போனால் முதலில் போவது அந்த இருளரின் கஞ்சிதான்.

இனி மொழிக்கு வருகிறேன். 'இது மீனவர் சிக்கல், சூழலியலார் சிக்கல், நாம் மொழி இயக்கத்தார், நமக்கென்ன?' என்று சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நல்லெண்ணத்தோடு கேட்டார். அவர்க்கு விடையாக என் வகுப்பறையில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஐந்திணை நடத்திக்கொண்டிருந்தேன். நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களைக் கரும்பலகையில் எழுதினேன். புன்னை, தாழை, ஞாழல், அடும்பு, கண்டல், அலவன், எக்கர், கானல், கழி. 'அடும்பு என்பது கடற்கரை மணலில் படரும் ஒருவகைக் கொடி' என்றேன். அகராதியில் அவ்வளவுதான் இருந்தது. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். கடலோரக் குப்பத்திலிருந்து வருபவன். அதிகம் பேசமாட்டான். 'ஐயா, அது எங்க ஊர் அடப்பங்கொடி. ஆட்டுக்கால் குளம்பு மாதிரி இலை இருக்கும். ஊதாப் பூ. அது படர்ந்த இடத்தில் மணல் பறக்காது' என்றான். இருபது ஆண்டு நெய்தல் நடத்திய நான், மணலை அந்தக் கொடி பிடித்து வைக்கிறது என்பதனை அன்றுதான் அறிந்தேன். எக்கர் எவ்வாறு எக்கராக நிற்கிறது என்பதற்கு உரையாசிரியர் எவரும் எனக்குத் தராத விளக்கத்தை அவன் தந்தான்.

கொண்டல், வாடை, கோடை, தென்றல் என நால்வகைக் காற்றை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். கொண்டலும் வாடையும் கச்சானும் இன்றும் கடலில் ஆளும் சொற்கள். அவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஆள் திரும்பி வரமாட்டான். கட்டுமரம் என்னும் நம் சொல்லை உலகமே எடுத்துக்கொண்டது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சொற்கள் ஏட்டில் மட்டுமின்றி வாயிலும் வாழ்கின்ற இடம் தமிழ்நாட்டில் எத்தனை உண்டு? அங்கே கற்காரைத் தளம் போட்டு, இரும்புக் கொள்கலன்களை அடுக்கிவிட்டால், அடும்புக்கு நாம் அகராதியில் மட்டும் இடம் கொடுக்க வேண்டியதுதான். புதிய சொற்களை ஆக்குவதற்குப் பயிலரங்கு நடத்துகிறோம். இருக்கிற சொற்கள் தம் நிலத்தோடு புதைக்கப்படும்போது அங்கே போய் நிற்காதவர்க்குச் சொல்லாக்கம் எதற்கு?

'புறம்போக்கு' என்னும் சொல்லை எண்ணுங்கள். வரிக்கும் உழவுக்கும் உட்படாமல், எல்லார்க்கும் பொதுவாக ஒதுக்கி வைத்த நிலம் அது. நீர்நிலை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு, கடற்கரை. இவ்வளவு நல்ல சொல்லை நாம் வசைச்சொல் ஆக்கிக்கொண்டோம். 'போடா புறம்போக்கு' என்கிறோம். சொல்லைத் தாழ்த்தியது போலவே நிலத்தையும் தாழ்த்தினோம். எவர்க்கும் உரியதன்று என்றால் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள் மாறிப்போயிற்று.

சட்டமும் அவ்வாறே நெகிழ்ந்து வந்திருக்கிறது. 1991-இல் நடுவணரசு கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2011-இல் ஒரு புதிய அறிவிக்கை. 2019 சனவரியில் மற்றொன்று. இந்தக் கடைசி அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரச் சிற்றூர்ப் பகுதிகளில், கட்டடம் எழுப்பக்கூடாத 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. கடல் முன்னேறுகிறது என்று ஒருபுறம் அறிவியலார் சொல்கின்றனர். மறுபுறம் அரசு கடலை நெருங்கிப் போகச் சொல்கிறது. 2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரத்துக் கண்டற்காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் பெரிதும் தப்பியதை நாடே பேசியது. 'ஆழிப்பேரலை' என்னும் நல்ல தமிழ்ச்சொல் மட்டும் நம்மிடம் நிலைத்தது, படிப்பினை நிலைக்கவில்லை.

இப்பொழுது என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடலோரத் தொழில்திட்டம் பற்றிய கருத்துக்கேட்புக்கு முன், அந்த அடப்பங்கொடிப் பையன் என் வீட்டிற்கு வந்தான். இப்பொழுது வளர்ந்து படகு வைத்திருக்கிறான். சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கொண்டுவந்திருந்தான். 'ஐயா, இதைப் படித்துப் பார்த்து எங்களுக்குச் சொல்லுங்கள்' என்றான். இரவு முழுதும் விழித்துப் படித்தேன். மறுநாள் அதனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். பக்கமெல்லாம் சிவப்பு மை. ஒற்றுப்பிழை, வல்லின மிகாப் பிழை, ஆங்கில நடை, வடசொற் கலப்பு எல்லாவற்றையும் திருத்தியிருந்தேன். 'இவ்வளவு கொச்சையாகத் தமிழ் எழுதியிருக்கிறார்களே' என்று சினமும் கொண்டேன். அவன் தாள்களைப் புரட்டினான். 'பிழையைத் திருத்தியிருக்கீங்க ஐயா. எங்க ஊர் அதில் இருக்கா என்று பார்த்தீங்களா?' என்றான்.

நான் பார்க்கவில்லை. மீண்டும் வாங்கிப் பார்த்தேன். அந்தக் குப்பத்தின் பெயர் அந்தச் சுருக்கத்தில் எங்கும் இல்லை. வலை உலர்த்தும் மணல், 'ஆளில்லா நிலம்' என்று குறிக்கப்பட்டிருந்தது. 'ஆளில்லா' என்பதில் நான் பிழை காணவில்லை. இலக்கணப்படி அது சரி.

தோழர்களே! மொழிப்பற்றுக்கு இப்படியும் ஒரு குருட்டுத்தன்மை உண்டு என்பதனை என்னையே சான்றாக வைத்துச் சொல்கிறேன். 1985-இல் சென்னைக் கடற்கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களை அகற்ற முற்பட்டபோது மீனவர் எதிர்த்தனர், காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. அப்பொழுது நான் பள்ளி மாணவன். 1989 மே முதல் நாள், நாடு தழுவிய மீனவர் நடைப்பயணம் குமரிமுனையில் முடிந்தபோதும் துப்பாக்கி வெடித்தது. அன்று நான் கல்லூரியில் நெய்தற்கலி படித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பார்க்க அன்று எவரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. இன்று நான் ஆசிரியன்; அந்தச் சாக்கு எனக்கு இல்லை.

சரி, போய் என்ன செய்வது? முழக்கமிடுவது மட்டுமன்று. நமக்கென்றே அங்கே ஒரு வேலை உண்டு. 2006 அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். சுருக்கந்தான் தமிழில், ஆயிரக்கணக்கான பக்கங்கள் உடைய முழு அறிக்கை ஆங்கிலத்தில். எந்த மக்களின் வாழ்வு அளக்கப்படுகிறதோ அந்த மக்களின் மொழியில் அது இல்லை. 2020-இல் இந்த விதிகளையே மாற்றும் வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டுக் கருத்துக் கேட்டது நடுவணரசு. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு சூன் திங்களில் ஆணையிட வேண்டியதாயிற்று. இது மொழிப் போராட்டம் இல்லை என்று எவர் சொல்ல முடியும்?

இன்னொன்று. கூட்டத்தின் முடிவில், பேசப்பட்டவற்றின் சுருக்கத்தை அவ்விடத்திலேயே மக்கள் மொழியில் படித்துக் காட்டிய பிறகே கையொப்பமிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அந்நேரத்தில் மக்கள் களைத்துக் கலைந்திருப்பர். அந்தக் கடைசி அரைமணிநேரம் நமக்குரியது. சொன்னது வேறு, எழுதியது வேறு என்று அறியத் தமிழாசிரியனைவிடத் தகுந்தவன் எவன்? கழிமுகத்தைக் கழிவுநீர் வாய்க்கால் என்று எழுதினால் எழுந்து தடுக்கத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும்.

வரும் ஞாயிறன்று பழவேற்காட்டுக் கரையில் மீனவர் கூடுகின்றனர். நம்மை அழைத்தவர் அவர்களே. ஆகவே சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் கொடியை ஏந்த வேண்டா. ஒலிவாங்கியை நாம் கேட்க வேண்டா. கொடுத்தால் மூன்று மணித்துளிக்கு மேற்பட வேண்டா. மீனவப் பெண்கள் பேசும்போது அவர்களின் பேச்சுத்தமிழைத் திருத்த எவரும் முனைய வேண்டா. இதனை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். கையில் தாளும் எழுதுகோலும் இருக்கட்டும். ஊர்ப்பெயர், கழிப்பெயர், காற்றுப்பெயர், எந்தத் திங்களில் எந்த மீன் எங்கே படும் என்பன எல்லாவற்றையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நாளைக்கு முறையீட்டில் அவைதாம் சான்று. 'ஆளில்லா நிலம்' என்பதற்கு விடை அந்தப் பட்டியல்தான். அரசுப் பணியில் உள்ளோர் தம் பணிவிதிகளை அறிந்து முடிவு செய்க. வர இயலாதார்மேல் எவர்க்கும் மனத்தாங்கல் இல்லை. அவர்கள் வீட்டிலிருந்தே முழு அறிக்கையின் இருபது பக்கங்களைத் தமிழாக்கித் தரலாம். பக்கங்களைப் பிரித்துக் கட்டி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாங்கிச் செல்லுங்கள்.

காலை ஆறரை மணிக்குப் பொன்னேரி தொடர்வண்டி நிலைய வாயிலில் நான் நிற்பேன். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. தொப்பியோ குடையோ கொண்டு வாருங்கள். அங்கே நிழல் இல்லை. குடிநீரும் அவரவர் கொண்டு வருக. அவர்களின் குடத்துத் தண்ணீரை நாம் தீர்க்கலாகாது. பெயர் கொடுப்போர் இப்பொழுதே செயலாளரிடம் கொடுக்கலாம்.